நீ ‘சரி’ சொல்லாத பேச்சு

அமுதாக்கா,

இந்தப் பேரில் உன்னை யாரும் கூப்பிட்டதில்லை. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். உன் சொந்தப் பேரைப் போடலாமா என்று நான் உன்னிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது. அதனால் நானே ஒரு பேர் வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் கனவில் வந்து திட்டு. இதில் வருகிற எல்லாருக்கும் பேரையும், யார் எந்த ஊர் என்பதையும் மாற்றித்தான் எழுதுகிறேன், எனக்கும்கூட. அக்கா என்கிற முறையை மட்டும் மாற்றவில்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம் அக்கா. நம் அறிக்கை வந்துவிட்டது. நாம் போகிற ஆஸ்பத்திரியில் இனிமேல் நம்மில் யாரையும் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நீ இருக்கும்போதே இது நடந்திருக்கக் கூடாதா என்று எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஆனாலும் இன்றைக்கு நான் அழுவதற்காக எழுதவில்லை.

எப்படி ஜெயித்தோம் என்று சொல்கிறேன். படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் கச்சிராயபாளையத்தில் ஒரே வீட்டில் இருந்த திருநங்கைகள். பெற்ற வீடு வெளியே அனுப்பிய பிறகு நம்மை மகளாக எடுத்துக்கொண்டவர் நம் அம்மா. அவரும் திருநங்கைதான். நீ மூத்தவள், நான் இளையவள். நீ கோமுகி வாய்க்கால் ஓரம் ஆடு மேய்த்தாய். நான் டிகிரி முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு நம் ஞாபகம் வருவது கூவாகம் திருவிழாவின்போதுதான். கேமராவும் ரெக்கார்டருமாக வந்து இறங்குவார்கள். அப்படி ஒரு வருஷம், ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்த ஒருவரிடம் நீ மனசு விட்டுப் பேசினாய். சோறும் போட்டாய். நீ பிறந்த ஊர், அண்ணன் பேர், உன் முகம், எல்லாம் அச்சில் வந்தது. யாரோ அதைப் போனில் படம் பிடித்து உன் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். உன் அண்ணன் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அண்ணன் நம் வாசலுக்கே வந்து, “இனிமே இது செத்தாலும் எனக்கு சொல்லி அனுப்பாதீங்க” என்று கத்திவிட்டுப் போனார்.

எழுதியவருக்கு நான்தான் போன் போட்டேன். “அவங்கதானே கையெழுத்து போட்டாங்க?” என்றார் அவர். அதற்குப் பிறகு ரெக்கார்டரைப் பார்த்தாலே நீ எழுந்து ஆடுகளிடம் போய்விடுவாய்.

லதா மேடம் வந்தது திருவிழாக் காலத்தில் இல்லை. ஐப்பசி மழையில், செருப்பெல்லாம் சேறாக வந்து நின்றார். வெளியூர் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்கிறவர். இந்தப் பக்கத்துத் திருநங்கைகளும் திருநம்பிகளும் நோய் முற்றும் வரை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

“உங்கள வச்சி ஆராய்ச்சி பண்ண வரல. உங்களோட சேர்ந்து பண்ணலாமான்னு கேக்க வந்தேன்.”

நீ ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, திரும்பாமல் கேட்டாய். “சேந்துன்னா இன்னா அர்த்தம்? நீங்க கேப்பீங்க, நாங்க சொல்லிக்கினு இருக்கணும், அதானே?”

“இல்லங்க. என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுங்க. யாரு கேக்கணும்னும் நீங்களே சொல்லுங்க.”

“எழுதனத எங்களுக்குப் படிச்சி காட்டுவீங்களா?”

“காட்டுவேன்.”

“படிச்சி காட்டி, சொன்னவங்க சரின்னு சொன்னாதான் வெளிய போவணும். புடிக்கலன்னா எடுத்துடணும். பேசாம இருந்தா அத்த சரின்னு எடுத்துக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கினா உள்ள வாங்க. ஏன் மழையில நின்னுக்கினு இருக்கீங்க?”

மேடம் உள்ளே வந்தார். அவர் பங்குக்கும் சில விதிகளைச் சொன்னார். கையெழுத்து வேண்டாம், வாயால் சம்மதம் சொன்னால் போதும். பாதிப் பேச்சில் எழுந்து போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஊர்ப் பேரும் ஆள் அடையாளமும் எந்த இடத்திலும் வராது. கையெழுத்து இல்லாமல் ஆய்வா என்று அவர் கல்லூரிக் குழு முரண்டு பிடித்தது, அதற்காக அவர் மாசக் கணக்கில் சண்டை போட்டார். நீ அப்போதுதான் அவரை நம்ப ஆரம்பித்தாய் என்று நினைக்கிறேன். சரிதானே?

பிறகு நாம் ஊர் ஊராகப் போனோம். களமருதூரிலிருந்து ஒருத்தி, கருணாபுரத்திலிருந்து ஒருத்தி, நீ, நான். எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று மேடம் பழக்கினார். கருணாபுரத்தில், விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்துப்போன தெருக்களில், கேமராக்களைப் பார்த்துச் சலித்த ஜனங்கள் நம்மைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நீ ஒரு வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்தாய்.

கல்வராயன் மலைக்கும் பஸ் ஏறினோம். அங்கே ஒரு கிராமத்தில், பெண் என்று எல்லாரும் சொல்லுகிற, தான் ஆண் என்று தனக்கு மட்டும் தெரிந்த தம்பி ஒருவன். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நம் முன்னால் உட்கார்ந்து, நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் பேச்சு வெளிய தெரிஞ்சா வூட்டுல வுட மாட்டாங்கக்கா.”

“அப்பன்னா பேசாத. டீ இருந்தா குடு, குடிச்சிட்டு பஸ்ஸுக்குப் போறோம்” என்றாய் நீ.

அவ்வளவு தூரம் ஏறி வந்தது வீணாகிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். நீயோ, டீ நன்றாக இருந்தது என்று கீழே இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தாய்.

எல்லா ஊரும் முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் வாய்க்கால் கரையில் நீயாகவே, “இப்ப என்னக் கேளுடி” என்றாய். ரெக்கார்டரைப் போடச் சொல்லி, ஆடுகள் வீடு திரும்பும் நேரம் வரை பேசினாய். என்ன பேசினாய் என்று இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

அதை எழுதி முடித்து உனக்குப் படித்துக் காட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ விழுந்தாய். காலில் புண். சர்க்கரை ஜாஸ்தியாகி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அம்மாவுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல் எப்படி அக்கா மறைத்தாய்? ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் நிற்க வைத்து, பிறந்தபோது வைத்த ஆண் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், கூட்டமே திரும்பிப் பார்க்கிறது, அதற்குச் செத்துப்போகலாம் என்று ஊர் ஊராக எல்லாரும் நம்மிடம் சொன்னார்களே, அதே காரணம்தானா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு லதா மேடம் வந்தார். ரொம்ப நேரம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“ஜோதி, அவங்க பேசினது இல்லன்னா இந்த அறிக்கைக்கு உயிர் இல்ல. நாம சொல்ல வர்றதுக்கு அவங்க சாவே சாட்சி. கல்லூரியில கேட்டுப் பாத்தேன். ரத்த சொந்தம் யாராவது சம்மதம் குடுத்தா சேத்துக்கலாம்னு சொல்றாங்க.”

எனக்கும் ஆசை இல்லாமலா? உன் பேச்சைப் போல ஒரு பேச்சு அத்தனை ஊரிலும் கிடைக்கவில்லை. அதைப் படித்தால் கல்லும் கரையும். உன்னை உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று மனசு துடித்தது.

அந்த நேரத்தில் உன் அண்ணன் வந்தார். நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. யார் மூலமாகத் தெரிந்ததோ, தானாகவே வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

“எதோ சம்மதம் வோணுமாமேம்மா. நான் குடுக்கறன். கையெழுத்து வோணும்னாலும் போடறன். அவனுக்கு...” நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்கு நான் ஒண்ணுமே செய்யல. இத்தனாச்சும் செய்யறன்.”

அவர் ‘அவளுக்கு’ என்று சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும் அக்கா.

எனக்கு அந்த நிமிஷம் தெளிவாகிவிட்டது. “அண்ணா, உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா அக்காவுக்குப் பதிலா நீங்க சரின்னு சொல்ல முடியாதுங்க. நானும் சொல்ல முடியாது. அவ வாயால சொல்லணும்னு அவளே சொல்லியிருக்கா. சொல்லாமலே போயிட்டா.”

“அப்ப அது இன்னா ஆவும்?”

“அழிச்சிடுவோங்க.”

“என்னப் பத்தி எதுனா சொன்னாளா? அத்தயாச்சும் சொல்லும்மா.”

“கேக்காதீங்கண்ணா.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். “ஆடுங்கள யாரு பாத்துக்கறா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பட்டிப் பக்கம் போனார். பொழுது சாய்கிற வரை வேப்பந்தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். உன் காரியத்தின்போதுகூடக் கலங்காத அம்மா அப்போது உடைந்து அழுதார்.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் அத கேட்டிருக்கவே கூடாது ஜோதி. அழிச்சிடலாம்” என்றார்.

மறுநாள் காலையில் நம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். ரெக்கார்டர் என் கையில். ஒரே ஒரு தடவை உன் குரலைக் கேட்டுவிட்டு அழிக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“வோணாம்டி. கேட்டின்னா உன்னால அழிக்க முடியாது.”

அழித்தேன். எழுதி வைத்த தாள்களை அம்மா அடுப்பில் வைத்தார். அந்த அடுப்பில்தான் அன்றைக்குச் சோறு வெந்தது. எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். இனி அறிக்கை சப்பென்றுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

அங்கேதான் நான் நினைத்தது தப்பு. நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, ஆனால் நம் ஆட்களுக்குள் ஒரு விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மலையிலிருந்து அந்தத் தம்பி போன் செய்தான்.

“அக்கா, நெஜமாவே அழிச்சிட்டீங்களா?”

“ஆமாம்பா.”

“அவங்க அண்ணனே சரின்னு சொல்லியுமா?”

“ஆமாம்.”

“செத்துப்போனவங்க பேச்சையே அவங்களக் கேக்காம வெளிய வுடலன்னா, உயிரோட இருக்கற என் பேச்ச வுட மாட்டீங்க. நான் பேசறன்க்கா. மேல வாங்க. நான் மட்டும் இல்ல, இன்னும் ஆளுங்க இருக்காங்க.”

நாங்கள் மலையேறினோம். அவன் சொன்னது உண்மைதான். இந்தப் பக்கத்தில் திருநம்பிகளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேலி செய்ததை ஒருவன் சொன்னான். வயிற்று வலியோடு மலையிறங்கி, பேரைக் கேட்டதும் வைத்தியம் பார்க்காமலே திரும்பி ஏறியதை இன்னொருவன் சொன்னான். கருணாபுரத்தில் நீ பூண்டு உரித்துக் கொடுத்தாயே, அந்த வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, தன் பிள்ளையும் நம்மில் ஒருத்தி என்று முதல் முறையாக வாய் திறந்தாள். முதலில் நாம் எழுதியதைவிட இது எவ்வளவோ கனமான அறிக்கை. உன் பேச்சு இருந்திருந்தால்கூட இந்தக் கனம் வந்திருக்குமா என்று மேடமே கேட்கிறார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, முதலில் நமக்கு நாமே படித்துக் காட்டினோம். தமிழில், சத்தமாக, வரிவரியாக. களமருதூர்க்காரி எழுந்து, “‘பரிதாபத்துக்குரிய’ன்னு ஒரு வார்த்த வருதே, அத்த எடுங்க. எங்கள எவனும் பரிதாபமா பாக்கத் தேவயில்ல” என்றாள். மண்டபமே கை தட்டியது. மேடம் பேனாவை எடுத்து அங்கேயே அடித்தார்.

முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. “இந்த ஆய்வில் பேசிய ஒருவர், தன் பேச்சைக் கேட்டுச் சரி சொல்வதற்கு முன் இறந்துவிட்டார். அவர் பேச்சு இதில் இல்லை.” பேர் கிடையாது, ஊர் கிடையாது. அதை நான் படித்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பின் வரிசையில், அம்மா கூப்பிட்டு வந்திருந்த உன் அண்ணனும் நின்றதைப் பார்த்தேன்.

அடுத்து அதிகாரிகள், டாக்டர்கள் முன்னால். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒருவருக்கு முகம் கடுத்துவிட்டது. “எங்க ஆஸ்பத்திரியிலயா இப்படி நடக்குது? இத சொன்னது யாரு? பேரக் குடுங்க, விசாரிக்கறேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“குடுக்க மாட்டோங்க சார். நாலு பேருக்கு முன்னாடி பேரச் சொல்றதுதாங்க சார் பிரச்சனையே.”

சபையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். அந்த டாக்டரும் சிரித்துவிட்டார். அறிக்கையை மறுபடி புரட்டினார், நின்று நிதானமாகப் படித்தார். “சரிம்மா. இது எங்களால முடியாத விஷயம் இல்லையே. எல்லாரையுமே டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடலாம். சீட்டுல என்ன பேர் போடணும்னு உங்களையே கேக்கச் சொல்றேன்” என்றார்.

நம் பக்கத்திலிருந்து எழுந்த கைத்தட்டல் இருக்கிறதே! கூட்டத்தின் நடுவில் மலைத் தம்பியும் உட்கார்ந்திருந்தான். அவன் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அவன்தான்.

வாயால் சொன்னது செயலில் வருமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. போன வாரம் காய்ச்சல் வந்ததும், ஒருவிதத்தில் சந்தோஷமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு கொடுக்கிற பெண் தலை நிமிர்ந்து, “பேரு இன்னான்னு போடட்டும்க்கா?” என்றாள்.

“ஜோதி.”

எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான் அக்கா. பெஞ்சில் உட்கார்ந்தேன். என் நம்பரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் காய்ச்சலோடு போய் வீட்டுக்கும் தெருவுக்குமாக ஜிலேபி வாங்கிவிட்டேன். அம்மா திட்டினார், பிறகு அவர்தான் ஜாஸ்தி சாப்பிட்டார்.

இன்னும் இருக்கிறது. மலைத் தம்பி தன் ஆட்களோடு சேர்ந்து அடுத்த ஆய்வை ஆரம்பிக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து ஏன் நின்றோம் என்பதுதான் கேள்வி. கேள்விகளை அவர்களே எழுதுகிறார்கள், மேடம் கூட உட்கார்ந்து பார்க்கிறார். அதில் என்னையும் ஒருவராகப் பேசக் கூப்பிட்டிருக்கிறான். நான் பதில் சொல்லப் போகிறேன். படித்துக் காட்டும்போது பிடிக்காத வரியைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் போகிறேன்.

திங்கட்கிழமை நம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முட்டி வலி. வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனையோடு. “வர்றன்டி. ஆனா பட்டுப் பொடவ கட்டிக்கினுதான் வருவன். மொத மொதலா என் பேர எழுதப் போறாங்க, சும்மா போவ முடியுமா?”

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான் அக்கா. மலையிலோ கீழேயோ, நம்மில் யாருக்கு எந்த வலி வந்தாலும் தனியாகப் போக விட மாட்டேன். கூடப் போவேன், பக்கத்தில் உட்காருவேன், அவர்களுடைய நம்பர் வரும் வரை எழுந்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை அம்மாவில் ஆரம்பிக்கிறேன்.

நம் அம்மாவின் இளைய மகள்,
உன் தங்கச்சி
ஜோதி